அந்த வெள்ளிக்கிழமை யாரும் எழுந்திருக்கவில்லை

மாவட்ட விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு நான் முதன்முதலில் போனது வாய்க்கால் விஷயமாகத்தான். எங்கள் ஊருக்குப் பாயும் கிளை வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. மேட்டூர் திறந்து ஒரு மாதமாகியும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. வேன் பேசி ஏழு பேர் போனோம். ஏழு பேரில் பெண் நான் ஒருத்திதான்.

அரங்கு நிறைந்திருந்தது. டோக்கன் வரிசைப்படி மைக் கைமாறியது. யூரியா வரத்து இல்லை என்றார் ஒருவர். பயிர்க் காப்பீட்டில் எங்கள் ஊரை மட்டும் விட்டுவிட்டார்கள் என்றார் இன்னொருவர். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்ப்பது, மும்முனை மின்சாரம், எலித் தொல்லை என்று போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அந்தந்தத் துறை அதிகாரி எழுந்து பதில் சொன்னார். பதில் திருப்தியோ இல்லையோ, மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருந்தார்.

மதியம் நெருங்கும்போது மேடையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. "இயற்கை விவசாயம் பண்றவங்க யாராச்சும் வந்திருக்கீங்களா? உங்க தரப்புல ஏதாவது கோரிக்கை இருக்கா?"

அந்த அரங்கில் எனக்கு முகம் தெரிந்த இயற்கை விவசாயிகள் மட்டும் எட்டுப் பேர் இருந்தார்கள். எங்கள் வேனில் வந்தவர்களிலேயே மூன்று பேர். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை ஒரு கணம் தூக்கிப் பிடித்திருந்தார். பிறகு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

சில வாரம் கழித்து, வாய்க்கால் மனு என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனபோது அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு கைக்கு வந்தது. அதில் எங்களைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. "இயற்கை வேளாண்மை தொடர்பாகக் கோரிக்கை எதுவும் வரப்பெறவில்லை." அந்த வரியைப் படித்த நாளிலிருந்து இந்தக் கட்டுரை என் மனசில் கிடக்கிறது.

ஏன் யாரும் எழுந்திருக்கவில்லை என்பதற்கு அன்றைக்கே வேனில் பதில் கிடைத்துவிட்டது. என்னைவிட இருபது வயது மூத்த மாமா ஒருவர் சொன்னார். "நாம உரக்கடைப் பக்கமே போறதில்ல. நம்ம மாடு, நம்ம சாணி, நம்ம வெதை. கவர்மென்ட்டுக்கிட்ட என்னத்தப் போயி கேக்குறது?" அவர் குரலில் இருந்தது பெருமை. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. யாரிடமும் கையேந்தாமல் விளைவிப்பதுதான் இந்த வழியின் அழகு என்று நம்பித்தான் நாங்களெல்லாம் இதற்குள் வந்தோம்.

ஆனால் கையேந்தவில்லை என்பது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நான் என் வீட்டுக் கணக்கு நோட்டிலிருந்து சொல்கிறேன்.

எங்களுக்கு பன்னிரண்டு மா நிலம். ஏக்கரில் சொன்னால் நாலு. இயற்கை விவசாயத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்ற நம்மாழ்வார் ஐயா காலமான மறுவருஷம், அதாவது 2014 சம்பாவில் நாங்கள் மாறினோம். அதற்கு முந்தைய வருஷம் மாவுக்குப் பத்து மூட்டை கண்ட வயல் அந்த வருஷம் ஆறு மூட்டை கண்டது. அறுபது கிலோ மூட்டை. மாவுக்கு நாலு மூட்டை குறைவு என்றால் ஏக்கருக்குப் பன்னிரண்டு மூட்டை. அன்றைய ஆதார விலைக்கு அது பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. நாலு ஏக்கருக்கும் கூட்டிக்கொள்ளுங்கள். உரச் செலவு மிச்சம்தான், ஆனால் களை எடுக்கும் ஆள்கூலி அதைத் தின்றுவிட்டது. இரண்டாம் வருஷமும் ஏறக்குறைய அதே கதை. மூன்றாம் வருஷம்தான் மண்ணில் மண்புழுக் கட்டியைப் பார்த்தேன். நாலாம் வருஷம் ஒன்பது மூட்டைக்கு வந்தது.

இந்த இடைப்பட்ட வருஷங்களை யார் தாங்கினார்கள்? அரசாங்கம் தாங்கவில்லை. எங்கள் அரிசியை வாங்கிச் சாப்பிட்டு உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்களும் தாங்கவில்லை. என் வளையல்கள் தாங்கின. என் நாத்தனாரின் சங்கிலி தாங்கியது. ஊருக்கு ஊர் விசாரித்துப் பார்த்திருக்கிறேன். இயற்கைக்கு மாறிய வீடுகளில் பாதிக்கு மேல் அடகுக்கடை ரசீது இருக்கிறது. மாற முடியாமல் பாதியில் திரும்பிப் போனவர்களைக் கேட்டால், மண் ஏமாற்றியது என்று ஒருவரும் சொல்வதில்லை. இரண்டாம் வருஷம் கையில் காசில்லை என்றுதான் சொல்கிறார்கள்.

மண் தேறுவதற்கு எடுத்துக்கொள்ளும் அந்தக் காலத்துக்குப் பணம் வேண்டும். இயற்கை வேளாண்மைக்கு அரசு நிதி என்று நான் பேசுவதெல்லாம் முதலில் இதைத்தான். சான்றிதழ் முறையிலேயே அந்தக் காலம் எழுதப்பட்டிருக்கிறது. 2001-இல் வந்த தேசிய அங்கக (இயற்கை) உற்பத்தித் திட்டத்தின்படி நெல் போன்ற ஓராண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டும், தென்னை, மா போன்றவற்றுக்கு மூன்று ஆண்டும் மாறுகாலம். அந்தக் காலத்தில் விளைவதை முழுச் சான்று பெற்ற விளைபொருள் என்று விற்க முடியாது. விளைச்சலும் குறைவு, விலையும் கூடாது. சட்டம் போட்டுக் காத்திருக்கச் சொல்கிறவர்கள், காத்திருக்கும் வரை சோற்றுக்கு என்ன வழி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். மத்திய அரசின் பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா என்ற இயற்கை வேளாண் திட்டம் 2015-16-இல் வந்தது. 20 ஹெக்டேர் கொண்ட தொகுப்பாகச் சேர்ந்தால் மூன்று வருஷத்துக்கு உதவி. ஹெக்டேருக்கு 50,000 ரூபாய், அதில் 31,000 விவசாயியின் இடுபொருளுக்கு என்றிருந்தது. பின்னால் அந்த 50,000 மொத்தமே 31,500 ஆகச் சுருங்கி, விவசாயி கணக்குக்கு நேராக வருவது 15,000 ஆனது. மூன்று வருஷத்துக்குப் பிரித்து, ஹெக்டேரை ஏக்கராக்கிப் பாருங்கள். ஏக்கருக்கு வருஷம் சுமார் 2,000 ரூபாய். எங்கள் நோட்டில் முதல் வருஷக் குறைவு மட்டும் ஏக்கருக்குப் பத்தாயிரத்தை ஒட்டி. திட்டம் போட்டவர்களுக்கு மனசில்லை என்று நான் நினைக்கவில்லை. இந்தக் கணக்கை அவர்கள் முன்னால் எடுத்து வைத்தவர்கள் எத்தனை பேர் என்பதே என் கேள்வி. நான் வைக்கவில்லை. 31,000 என்று இருந்தது 15,000 ஆனபோது எங்கள் பக்கத்தில் ஒரு மைக்கிலும் அது பேசப்படவில்லை. யூரியா மூட்டை விலை பத்து ரூபாய் ஏறியிருந்தால் அன்றைக்கே சாலை மறியல் நடந்திருக்கும்.

45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. உண்மையான அடக்கவிலை அதைப்போலப் பல மடங்கு. மீதியை அரசு கொடுக்கிறது. 2024-25 மத்திய பட்ஜெட்டில் உர மானியத்துக்கு ஒதுக்கியது சுமார் 1,64,000 கோடி ரூபாய். அதே 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை தேசிய இயற்கை வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மத்திய அரசின் பங்கு 1,584 கோடி, மாநிலங்களின் பங்கு 897 கோடி, ஆக 2,481 கோடி. அதில் சென்றடைய நினைப்பது ஒரு கோடி விவசாயிகளை. திட்டத்தின் மொத்தத் தொகையையும் ஒரே வருஷ உர மானியத்தோடு வைத்துப் பார்த்தால்கூட நூறு ரூபாய்க்கு ஒன்றரை ரூபாய்தான்.

இந்தக் கணக்கைச் சொன்னதும் சிலர் உடனே, அப்படியானால் உர மானியத்தை வெட்டச் சொல்கிறாயா என்பார்கள். சொல்லவே மாட்டேன். என் வயலுக்கு அடுத்த வரப்பில் யூரியா போடுகிறவர் என் கொழுந்தனார். அவர் பிள்ளைகள் படிப்பது அந்த நெல்லில்தான். இலங்கையில் 2021-இல் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள், விளைச்சல் விழுந்தது, விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள், அந்த வருஷம் நவம்பரிலேயே தடையைத் திரும்பப் பெற்றார்கள். இயற்கை விவசாயம் என்று வாயெடுத்தால் எதிரில் இருப்பவர் இப்போதெல்லாம் முதலில் இலங்கையைத்தான் இழுக்கிறார். எனக்கு அது எங்கள் பக்கத்து வாதமாகவே படுகிறது. மாறுகாலத்துக்கு நிதி இல்லாமல், பயிற்சி இல்லாமல், விவசாயியைக் கேட்காமல் மாற்றச் சொன்னால் இப்படித்தான் முடியும்.

அதற்கு நேர்மாறாக நடந்த இடம் சிக்கிம். 2003-இல் பவன் சாம்லிங் முதல்வராக இருந்தபோது அந்தச் சட்டமன்றத்தில் முழு மாநிலமும் இயற்கை வேளாண்மைக்கு மாறும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். ரசாயன உரத்துக்கான உதவியைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 2014-இல் ரசாயன இடுபொருளைக் கட்டுப்படுத்தச் சட்டமே இயற்றினார்கள். 2016 ஜனவரியில்தான் முழு இயற்கை மாநிலம் என்ற அறிவிப்பு வந்தது. தீர்மானத்திலிருந்து அறிவிப்பு வரை பதின்மூன்று வருஷம். அது சிறிய மலை மாநிலம், சுமார் 75,000 ஹெக்டேர் சாகுபடி. காவிரிப் படுகையோடு அதை ஒப்பிட முடியாது என்பது சரி. ஆனால் நான் பார்ப்பது வரிசையை. முதலில் சட்டமன்றத்தில் வார்த்தை, பிறகு வருஷா வருஷம் பணம், பிறகு சட்டம்.

நம் மாநிலத்தில் எந்த இடத்தில் நிற்கிறோம்? 2021 ஆகஸ்ட் 14-ஆம் தேதி தமிழ்நாட்டில் முதன்முறையாக வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கையை வேளாண் அமைச்சர் எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம் தாக்கல் செய்தார். 2023 மார்ச்சில் அங்கக வேளாண்மைக் கொள்கை வந்தது. 2024-25-இல் 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டம் 206 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்டது. அதில் இரண்டு லட்சம் ஏக்கரில் பசுந்தாள் உரப்பயிர் விதைக்க 20 கோடி. மரபு நெல்லைக் காக்கும் திட்டத்துக்கு நெல் ஜெயராமன் பெயரையே வைத்திருக்கிறார்கள். 160-க்கும் மேற்பட்ட ரகங்களைத் தேடித்தேடிச் சேர்த்து, ஆதிரெங்கம் விதைத் திருவிழாவில் ஆளுக்கு இரண்டு கிலோ கொடுத்து, அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பி வாங்கியவர். 2018 டிசம்பரில் அவர் போனார். மூன்றே வருஷத்தில் அவர் பெயர் பட்ஜெட் புத்தகத்தில் ஏறியது. அந்தப் பெயர் தானாக ஏறவில்லை. அவர் வாய் ஓயாமல் பேசினார், ஊர் ஊராகப் பேசினார்.

கொள்கைக்கும் சட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. கொள்கை என்பது அரசின் எண்ணம். அது ஆட்சியோடு மாறலாம், மாறாமலேயே கிடப்பில் போகலாம். பட்ஜெட் அறிவிப்பு ஒரு வருஷத்துக்கானது. மார்ச் 31-க்குள் செலவாகாத பணம் திரும்பிவிடும், அடுத்த வருஷம் 'போன தடவை கொடுத்ததே செலவாகவில்லை' என்று குறைப்பார்கள். இன்ன விழுக்காடு நிதி இயற்கை வேளாண்மைக்கு என்று சட்டத்தில் எழுதினால்தான் அது நிற்கும். எங்கள் மண்ணுக்கே அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. மீத்தேன் என்றும் ஹைட்ரோகார்பன் என்றும் எரிவாயு எடுக்க வந்தபோது நெடுவாசலில் 2017-இல் பெண்கள் பிள்ளைகளோடு மரத்தடியில் உட்கார்ந்தார்கள். கதிராமங்கலம் கொதித்தது. 2020 பிப்ரவரியில் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக ஆக்கும் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. இந்த மண்ணில் எதைத் தோண்டக்கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. இந்த மண்ணுக்கு உயிர் கொடுக்க ஆண்டுதோறும் எவ்வளவு வைக்க வேண்டும் என்பதையும் ஒரு சட்டம் சொல்லட்டும் என்று கேட்பது பேராசையாக எனக்குத் தெரியவில்லை.

நம்மாழ்வார் ஐயாவைக் கும்பிடுகிறவர்கள் அவருடைய பஞ்சகவ்யத்தையும் மூடாக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டோமோ என்று சில நேரம் எனக்கு வருத்தமாக இருக்கும். அறுபதுகளில் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் அரசு வேலையில் இருந்தவர். அங்கே நடக்கும் ஆய்வு மானாவாரி விவசாயிக்கு உதவாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். பிறகு வாழ்நாள் முழுக்க நடந்தார், பேசினார், எதிர்த்து நின்றார். 2013 டிசம்பர் 30-ஆம் தேதி பட்டுக்கோட்டை அருகே பிச்சினிக்காட்டில் அவர் உயிர் பிரிந்தபோது வந்திருந்தது ஓய்வெடுக்க அல்ல. மீத்தேன் திட்டத்துக்கு எதிரான பிரசாரத்துக்கு வந்திருந்தார். அரசாங்கத்திடம் நமக்கென்ன பேச்சு என்று அவர் ஒரு நாளும் இருந்ததில்லை.

பேசினால் கேட்பார்களா என்பது அடுத்த கேள்வி. எப்போதும் கேட்பார்கள் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காய் நினைவிருக்கிறதா? அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொதுக் கருத்துக் கேட்பு நடத்தினார். ஆயிரக்கணக்கானவர்கள் போய் வரிசையில் நின்று பேசினார்கள். 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்திவைப்பு அறிவிப்பு வந்தது. அமெரிக்காவில் 1997 கடைசியில் இயற்கை விளைபொருளுக்கான தேசிய விதியின் வரைவை வேளாண் துறை வெளியிட்டது. மரபணு மாற்றிய பயிர், கதிர்வீச்சு, சாக்கடைக் கசடு மூன்றுக்கும் அதில் கதவு திறந்திருந்தது. விவசாயிகளும் சாப்பிடுகிறவர்களுமாக 2,75,000-க்கும் மேல் கருத்து எழுதி அனுப்பினார்கள். துறை அந்த வரைவை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனது. 2000-ஆம் ஆண்டு வந்த இறுதி விதியில் மூன்றுக்கும் தடை. அவ்வளவு பெரிய துறையை அசைத்தது தபாலில் போன காகிதங்கள்.

காகிதம் என்றதும் என் முதல் மனுவைச் சொல்ல வேண்டும். அந்தக் குறிப்பைப் படித்த கோபத்தில் மூன்று பக்கம் எழுதினேன். மண் நம் தாய் என்று தொடங்கி, புற்றுநோய், மலட்டுத்தன்மை, பன்னாட்டு நிறுவனம் எல்லாம் எழுதி, இயற்கை விவசாயத்தைக் காக்க வேண்டுகிறேன் என்று முடித்தேன். எழுதியதில் ஒரு சொல்லைக்கூட இன்றைக்கும் நான் மாற்றமாட்டேன். ஆனால் வேளாண் அலுவலகத்தில் இருந்த இளம் வேளாண் அலுவலர் முழுவதையும் நின்று படித்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "அக்கா, எல்லாம் சரி. இதை நான் எந்த ஃபைல்ல வைக்கட்டும்?"

அந்தத் தம்பி சொல்லித்தந்ததுதான் இன்று நான் மற்றவர்களுக்குச் சொல்வது. ஒரு மனுவில் ஒரு விஷயம். ஊர் பெயர், எத்தனை குடும்பம், எத்தனை ஏக்கர், எந்தத் திட்டம், என்ன தேதிக்குள். இரண்டாவது மனு அரைப் பக்கம். மானியத்தில் கொடுக்கும் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப்பயிரின் விதை எங்கள் ஊருக்கு ஆடி பிறந்த பிறகு வருகிறது. தக்கைப்பூண்டை விதைத்து நாற்பத்தைந்து நாள் வளர்த்து, பூ எடுக்கும் பருவத்தில் மடக்கி உழ வேண்டும். ஆடிக்குப் பிறகு விதைத்தால் சம்பா நாற்றுக்கு வயல் ஒழியாது. விதை மூட்டை வீட்டுத் திண்ணையில் கிடந்து எலி தின்னும், கணக்கில் மட்டும் அத்தனை ஏக்கர் பசுந்தாள் போட்டதாக ஏறும். வைகாசி பிறக்கும் முன் விதை வேண்டும், இவ்வளவு கிலோ வேண்டும். அவ்வளவுதான் மனு. அடுத்த வருஷம் விதை வைகாசிக் கடைசியில் வந்தது. ஒரு மாதம் தாமதம்தான். இருந்தாலும் உழுது போட முடிந்தது.

அந்த மனுவுக்கு முன் ஒரு வேலை செய்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எங்கள் வட்டாரத்துக்கு இயற்கை வேளாண்மைத் திட்டங்களில் கடந்த மூன்று வருஷம் வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, பயனாளிகள் எத்தனை பேர் என்று கேட்டேன். பதில் வந்த தாளை வைத்துக்கொண்டு பேசும்போது குரல் தானாகவே நிதானமாகிவிடுகிறது. 'எங்களுக்கு ஒன்றுமே செய்யவில்லை' என்று சொன்னால் யாரும் பதில் சொல்லித் தப்பிக்கலாம். 'ஒதுக்கியதில் பாதி திரும்பிப் போயிருக்கிறது, ஏன்?' என்றால் அப்படித் தப்பிக்க முடியாது.

எப்போது பேசுகிறோம் என்பதும் முக்கியம். பட்ஜெட் படித்த மறுநாள் முகநூலில் திட்டுவது என் மனசை ஆற்றலாம், பணத்தை நகர்த்தாது. துறைகள் அடுத்த வருஷ மதிப்பீட்டை மழைக்காலத்திலேயே தயாரிக்கத் தொடங்கிவிடும். வேளாண் பட்ஜெட்டுக்கு முன்னால் விவசாயிகளை அழைத்துக் கருத்துக் கேட்கிறார்கள். அந்தக் கூட்டங்களுக்கு நம் ஆட்கள் போக வேண்டும். பட்ஜெட்டுக்குப் பிறகும் ஒரு வாசல் இருக்கிறது, அதை நம்மில் பலர் பார்ப்பதில்லை. சட்டமன்றத்தில் ஒவ்வொரு துறைக்கும் மானியக் கோரிக்கை விவாதம், அதாவது அந்தத் துறையின் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் விவாதம், நடக்கும். வேளாண்மை மானியக் கோரிக்கை எண் 5. அதற்குமுன் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு வரும், இணையத்திலேயே கிடைக்கும், தமிழிலேயே இருக்கும். எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. அந்த விவாதத்தில் நமக்காக ஒரு கேள்வி கேட்டால் போதும். அமைச்சர் அவையில் எழுந்து 'ஆவன செய்யப்படும்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது காற்றில் போகாது. அரசு உறுதிமொழிக் குழு என்று சட்டமன்றத்திலேயே ஒரு குழு, அப்படிச் சொன்னதெல்லாம் நடந்ததா என்று பார்க்க இருக்கிறது. மனுக்கள் குழுவும் இருக்கிறது, மாவட்டங்களுக்கே வந்து மனு வாங்குகிறது. இத்தனை வாசல்களையும் திறந்து வைத்திருக்கும் சட்டமன்றத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து யார் போனார்கள் என்று நினைத்தால் எனக்கு அந்த வெள்ளிக்கிழமைதான் ஞாபகம் வருகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனசில்லை. எங்கள் ஊரில் ஜீவாமிர்தக் கரைசல் கலக்குவது, மீன் அமிலம் போடுவது, விதை நேர்த்தி செய்வது, கோணோவீடர் என்ற களைக்கருவியைத் தள்ளிய பிறகு கைக்களை எடுப்பது எல்லாம் பெண்கள். திட்டத்துக்கு விண்ணப்பிக்கக் கேட்பது பட்டா, சிட்டா, அடங்கல். பட்டா பெரும்பாலும் மாமனார் பெயரில், இல்லையென்றால் கூட்டுப் பட்டா. குத்தகைக்கும் பங்கு வாரத்துக்கும் உழுகிறவர்களுக்கு அதுவும் கிடையாது. ஆக, இயற்கை விவசாயத்தைச் செய்கிற கை ஒன்று, பயனாளி பட்டியலில் ஏறுகிற பெயர் வேறொன்று. சட்டம் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சாகுபடி செய்கிறவர் யார் என்று கிராம அளவில் சான்று கொடுத்தால் போதும் என்று எழுதச் சொல்ல வேண்டும்.

கொள்முதலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரசுக் கொள்முதலில் சன்ன ரகம், பொது ரகம் என்று இரண்டு விலைதான். நூற்றறுபது நாள் வயலில் நின்ற இயற்கை மாப்பிள்ளைச் சம்பாவும் பொது ரகமாகத்தான் தராசில் ஏறும். சந்தைப்படுத்தத் தெரிந்தவர்கள் சென்னைக்கும் கோவைக்கும் அரிசியாக அனுப்பிப் பிழைத்துக்கொள்கிறார்கள். தெரியாதவர்கள் அடுத்த போகத்துக்கு ஒட்டு விதைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இந்தத் தடவை கிராம சபைக்கு முன்னால் நாங்கள் வீடு வீடாகப் போனோம். உள்ளாட்சி தினமான நவம்பர் 1-ஆம் தேதி கிராம சபை. எங்கள் ஊரும் பக்கத்து இரண்டு ஊரும் சேர்த்து இயற்கை முறையில் செய்கிறவர்கள், செய்ய விரும்புகிறவர்கள் யார் யார் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினோம். 'கவர்மென்ட்டுக்கிட்ட என்னத்தக் கேக்குறது' என்று சொன்ன அதே மாமா வீட்டுக்கும் போனேன். திண்ணையில் உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, நோட்டை வாங்கிப் புரட்டினார். "எம்பேரு எங்க?" என்றார். நானே எழுதினேன். ஏக்கர் என்ற கட்டத்தில் அவர் சொன்னபடி இரண்டரை என்று போட்டேன். உள்ளேயிருந்து அத்தை எட்டிப் பார்த்து, "வெதைக்கிறது அவரு, களையெடுக்குறது நானு, ரெண்டு பேரையும் எழுதுடி" என்றார். எழுதினேன்.

கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். ஊராட்சிச் செயலர் பதிவேட்டில் எழுதி முடித்ததும் தீர்மான எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெறும் கைதட்டலோடு வீட்டுக்கு வந்துவிடக் கூடாது என்பது இத்தனை வருஷத்தில் கற்றது. அதன் நகலோடு அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மறுபடி மாவட்டக் கூட்டத்துக்குப் போனோம். இந்தத் தடவை இரண்டு வேன். எனக்கு டோக்கன் நாற்பத்தொன்று.

மாறுகாலத்துக்கு ஏக்கருக்கு உரிய தொகையைச் சட்டத்தில் எழுதி உறுதி செய்ய அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்பது ஒன்று. எங்கள் மூன்று ஊரையும் ஒரே தொகுப்பாக எடுக்க வேண்டும் என்பது இரண்டு. பட்டா இல்லாத சாகுபடியாளரையும் சேர்க்க வேண்டும் என்பது மூன்று. மைக்கைப் பிடித்த கை நடுங்கியது, ஆனால் தாளில் இருந்ததால் குரல் தடுமாறவில்லை. மேடையில் இருந்தவர், பரிசீலிக்கிறோம் என்றார். எந்தத் தேதிக்குள் என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த அதிகாரியிடம் குனிந்து பேசிவிட்டு, அடுத்த கூட்டத்தில் பதில் தரச் சொல்கிறேன் என்றார்.

உட்காரப் போனேன். ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்தார்.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க. எத்தனை குடும்பம்னு சொன்னீங்க?"

"இருபத்து மூணு."

"ஏக்கர்?"

"அம்பத்தெட்டு" என்றேன். அவர் எழுதி முடிக்கும் வரை நின்றேன்.